பிரிவைப் பாடும் மலைநாடு: யரவிப் பாடலின் தோற்றமும் நிலைபேறும்

தென்னமெரிக்க இசை என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது ஒரு புல்லாங்குழல் மெட்டு. 'எல் கொண்டோர் பாசா' என்னும் அம்மெட்டை வானொலியிலும் பேரங்காடிகளிலும் பள்ளி இசைக்குழுக்களின் நிகழ்ச்சிகளிலும் நாம் கேட்டிருக்கிறோம். பெரு நாட்டு இசையமைப்பாளர் தானியேல் அலோமியா ரோப்லெஸ் 1913ஆம் ஆண்டு லிமா நகரில் அரங்கேறிய ஓர் இசை நாடகத்திற்காக அதனை அமைத்தார். அந்த மெட்டின் தொடக்கப் பகுதி மெதுவாக, நெஞ்சை இழுத்துப் பிடிப்பதுபோல நகரும். அந்நடை ரோப்லெஸ் புதிதாகப் படைத்ததன்று. ஆந்திஸ் மலைத்தொடரில் பல நூற்றாண்டுகளாக வழங்கிவரும் ஒரு காதற்பாடல் வகையின் நடையையே அவர் எடுத்தாண்டார். அப்பாடல் வகைக்கு 'யரவி' என்று பெயர்.

யரவி என்பது பிரிந்தவரை நினைந்து பாடும் பாடல். பெருவின் தென்மலைப் பகுதியிலும் பொலிவியாவிலும் எக்குவடோரிலும் அது வாழ்ந்து வந்திருக்கிறது. அதன் வேர் எங்கே உள்ளது? இருமொழிகளுக்கிடையே அது எவ்வாறு உருமாறியது? இத்தனை காலம் நிலைத்து நிற்பதற்குக் காரணம் என்ன? இம்மூன்று வினாக்களையும் இக்கட்டுரையில் ஆராய்வோம். இவற்றோடு நான்காவது வினா ஒன்றும் உண்டு. ஒரு மக்களின் காதற்பாடலைப் பிறர் அம்மக்களின் தோல்விப் புலம்பலாகப் படித்துவிடுவது சரியா என்பதே அது.

சொல்லின் வரலாறு

யரவி என்னும் சொல் 'ஹராவி' என்னும் கெச்சுவா மொழிச் சொல்லிலிருந்து வந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. கெச்சுவா, இன்கா பேரரசின் ஆட்சிமொழியாக விளங்கியது. இன்றும் ஆந்திஸ் நாடுகளில் பல இலட்சம் மக்கள் அதனைப் பேசுகின்றனர். ஸ்பானியர் 1530களில் அப்பேரரசைக் கைப்பற்றிய பின்னர், சமயப் பணிக்காக வந்த துறவியர் அம்மொழியைக் கற்று அகராதிகளும் இலக்கணங்களும் எழுதினர். அவர்களுள் ஒருவரான தியேகோ கொன்சாலெஸ் ஒல்கின் என்பவர் 1608ஆம் ஆண்டு லிமாவில் விரிவான கெச்சுவா அகராதி ஒன்றை வெளியிட்டார்.

அவ்வகராதியில் ஹராவி என்னும் சொல்லுக்குத் தரப்பட்டுள்ள விளக்கம் நம் கவனத்திற்குரியது. பிறருடைய செயல்களைப் பாடும் பாட்டு எனவும், தொலைவிலுள்ள அன்பரை நினைக்கும் பாட்டு எனவும், காதற்பாட்டு எனவும் அவர் பொருள் கூறுகிறார். அக்காலத்தில் அது பக்திப் பாடலாகவும் ஏற்கப்பட்டுவிட்டது என்பதையும் சேர்த்துக் குறிப்பிடுகிறார். மேலும், 'நினைத்தல்' என்னும் பொருளுடைய 'யுயாய்' என்னும் வினையடியிலிருந்து பிறந்த ஒரு சொல்லை ஹராவிக்கு இணைச்சொல்லாகத் தருகிறார். எனவே, ஸ்பானியர் வருகைக்கு இரண்டு தலைமுறைகள் கடந்த பின்னரும் அம்மக்களின் மொழியில் பாடுவதும் நினைப்பதும் அடுத்தடுத்து நின்றன என்று நாம் அறிகிறோம். காதல், பிரிவு, நினைவு ஆகிய மூன்றும் இப்பாடலின் பொருளாக அன்றே அமைந்துவிட்டன.

மெட்டே மொழியாக

அடுத்த சான்று, கார்சிலாசோ தே லா வேகா என்பவருடையது. இவர் 1539ஆம் ஆண்டு கூஸ்கோ நகரில் பிறந்தவர். தந்தை ஸ்பானியப் படைத்தலைவர். தாய் இன்கா அரச குலத்தவர். இளமையிலேயே ஸ்பெயினுக்குச் சென்று அங்கேயே வாழ்ந்தவர். முதுமையில் தம் தாய்வழி மக்களின் வரலாற்றை எழுதினார். அந்நூல் 1609இல் லிஸ்பன் நகரில் அச்சேறியது.

இன்கா மக்களிடையே காதற்பாடல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மெட்டு உண்டு என்று அவர் எழுதுகிறார். ஒரே மெட்டில் இரண்டு பாடல்களைப் பாடும் வழக்கம் இல்லை. அதற்கு அவர் கூறும் காரணம் எளிமையானது. காதலன் இரவில் குழல் ஊதும்போது சொற்கள் ஒலிப்பதில்லை. மெட்டு மட்டுமே காற்றில் செல்கிறது. அம்மெட்டைக் கேட்டவுடனே அவன் மகிழ்ந்திருக்கிறானா, வாடியிருக்கிறானா, காதலியின் அருளைப் பெற்றானா, இழந்தானா என்பதைக் காதலியும் ஊராரும் உணர்ந்துகொள்வர். ஒரு மெட்டுக்கு இரண்டு பாடல்கள் இருந்தால் அவன் எதனைச் சொல்ல விரும்பினான் என்பது விளங்காமற் போய்விடும் அன்றோ?

இதற்குச் சான்றாக அவர் ஒரு நிகழ்ச்சியையும் தருகிறார். கூஸ்கோவில் ஓர் இரவு வேளையில் ஸ்பானியர் ஒருவர் தாம் அறிந்த ஒரு பெண்ணை வழியில் கண்டு, தம் இருப்பிடத்திற்குத் திரும்பி வருமாறு அழைக்கிறார். அப்பெண் மறுக்கிறாள். அதோ அந்தக் குன்றின்மேல் ஒலிக்கும் குழல் தன்னை மிகுந்த அன்போடு அழைப்பதாகவும், அந்த அழைப்பைத் தன்னால் மீற இயலாது எனவும் கூறி, விரைந்து செல்கிறாள். ஸ்பானியரின் காதுக்கு அது வெறும் குழலோசை. அவளுடைய காதுக்கோ அது தெளிவான ஒரு செய்தி. ஒரே ஒலியை இரு பண்பாட்டினர் எவ்வளவு வேறுபட்டுக் கேட்கின்றனர் என்பதற்கு இந்நிகழ்ச்சியைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை.

ஒரு கையெழுத்துப்படியின் பயணம்

ஏறத்தாழ அதே காலத்தில், குவாமான் போமா என்னும் ஆந்திஸ் குடிமகன் ஒருவர் ஸ்பெயின் மன்னருக்கு ஒரு நீண்ட முறையீட்டை எழுதினார். ஏறத்தாழ 1200 பக்கங்களும் 400 அளவில் கோட்டோவியங்களும் கொண்ட அந்நூல் 1615ஆம் ஆண்டளவில் முற்றுப்பெற்றது. காலனி ஆட்சியின் கொடுமைகளை எடுத்துரைத்து நல்லாட்சி வேண்டிய அந்நூலில், கெச்சுவா பாடல்கள் சிலவும் அம்மொழியிலேயே எழுதப்பட்டுள்ளன. அவற்றுள் காதற்பாடல்களும் அடங்கும். அக்கையெழுத்துப்படி 1908ஆம் ஆண்டு டென்மார்க் நாட்டின் கோப்பன்ஹேகன் அரச நூலகத்தில் அறிஞர் ஒருவரின் கண்ணில் பட்டது. 1936இல் பாரிசில் அதன் உருப்படிப் பதிப்பு வெளிவந்தது. நெடுங்காலம் ஒரு நூலகத்தில் உறங்கிய ஏடு, பாடல்களைப் பாடியவர்களின் வழித்தோன்றல்களுக்குத் திரும்பக் கிடைத்தது.

கெச்சுவா மொழி தரும் நயம்

இப்பாடல்களின் சுவையை உணர, அவை பிறந்த மொழியின் இயல்பைச் சற்றே அறிந்துகொள்ள வேண்டும். கெச்சுவாவும் தமிழைப் போலவே ஒட்டுநிலை மொழி. வேர்ச்சொல்லின் பின் ஒட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேரும். கேட்பவரை உள்ளடக்கும் 'நாம்', கேட்பவரை விலக்கும் 'நாங்கள்' என்னும் வேறுபாடும் கெச்சுவாவில் உண்டு. இவ்வொற்றுமை இரு மொழிகளுக்கும் உறவு உண்டு என்பதைக் காட்டாது. உலகின் தொடர்பற்ற பல மொழிகளில் இத்தகைய அமைப்புகள் தாமே தோன்றியுள்ளன. ஆயினும், ஆங்கிலமும் ஸ்பானியமும் ஒரே சொல்லால் குறிக்கும் பொருளை இரண்டாகப் பகுத்துணரும் பழக்கம் தமிழ் மாணவர்க்கு இயல்பாகவே உண்டு என்பதால், கெச்சுவாப் பாடலின் நுட்பம் நமக்குச் சற்று எளிதாகவே பிடிபடும்.

காதலியை அழைக்கும் ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். 'உர்பி' என்றால் புறா. அதனோடு 'ல்யா' என்னும் ஒட்டு சேரும்போது கனிவும் நெருக்கமும் தோன்றும். இறுதியில் 'ய்' என்னும் ஒட்டு சேர்ந்தால் 'என்னுடைய' என்னும் பொருள் வரும். ஆக, 'உர்பில்யாய்' என்னும் ஒரே சொல், 'என் அருமைப் புறாவே' எனும் முழு விளியாகிவிடுகிறது. ஆந்திஸ் காதற்பாடலில் புறாவே காதலி. அது பறந்துபோவதே பிரிவு. கூடு வெறுமையாவதே தனிமை. இந்த ஓர் உவமையே நூற்றுக்கணக்கான பாடல்களைத் தாங்கி நிற்கிறது. மேலும், 'முனாய்' என்னும் வினைச்சொல் அம்மொழியில் 'விரும்பு' என்பதையும் 'காதல்கொள்' என்பதையும் ஒருசேரக் குறிக்கும்.

இனி, அடியமைப்பு. பழைய கெச்சுவாப் பாடல்களில் எதுகை முதன்மையானதன்று. இணையடிகளே அவற்றின் உயிர். முதலடியின் இலக்கண அமைப்பு அப்படியே இரண்டாம் அடியிலும் வரும். ஒரு வேர்ச்சொல் மட்டும் அதனோடு நெருங்கிய பொருளுடைய மற்றொரு சொல்லாக மாறும். இதனை விளக்க நாமே ஓர் எடுத்துக்காட்டை அமைத்துப் பார்க்கலாம். 'கல் உன்னை மறைத்தால் கல்லைக் கேட்பேன். பாறை உன்னை மறைத்தால் பாறையைக் கேட்பேன்' என்பது போன்றது அவ்வமைப்பு. குவாமான் போமா பதிந்துள்ள ஒரு பாடலில், நீரைக் குறிக்கும் 'உனு', 'யாக்கு' என்னும் இரு சொற்கள் இவ்வாறு அடுத்தடுத்த அடிகளில் இணைகின்றன. ஓரடியின் கண்ணீருக்கு மற்றோரடியின் மழை இணையாக நிற்கிறது. தனி ஒருவரின் கண்ணீர், மலைமேல் பெய்யும் மழையோடு ஒன்றாகிவிடுகிறது. பாடுபவரின் துயரம் இயற்கையின் அளவுக்கு விரிகிறது.

இரு மரபுகளின் கூட்டு

ஸ்பானியர் வருகையால் கித்தாரும் யாழ்வகைக் கருவிகளும், எண்சீர் அளந்து எதுகையோடு பாடும் செய்யுள் மரபும் ஆந்திஸ் மலைக்கு வந்தன. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஹராவி இவற்றோடு கலந்து யரவியாயிற்று. மலைவாழ் மக்களின் பாட்டு நகர வீடுகளின் விருந்துக்கூடத்திற்கும் சென்றது. லிமாவில் வெளிவந்த 'மெர்குரியோ பெருவானோ' என்னும் இதழ் 1791ஆம் ஆண்டு யரவி பற்றித் தனிக் கட்டுரை ஒன்றையே வெளியிட்டது. கற்றறிந்தோர் விவாதிக்கும் பொருளாக அப்பாடல் உயர்ந்துவிட்டதை இது காட்டுகிறது.

அதே நூற்றாண்டில் ஏட்டுவடிவம் பெற்ற 'ஒல்யாந்தாய்' என்னும் கெச்சுவா நாடகத்திலும் இவ்வகைப் பாடல்கள் இடம்பெற்றுள்ளன. இன்கா மன்னனின் மகளைக் காதலித்த படைத்தலைவன் ஒருவனின் கதை அது. மன்னன் மறுக்கிறான், காதலர் பிரிக்கப்படுகின்றனர். கதையின் நெருக்கடியான இடங்களில் பறவைகளை விளித்தும், துணையைப் பிரிந்த புறாவைப் பற்றியும் பாடல்கள் ஒலிக்கின்றன. பாத்திரங்கள் வெளிப்படையாகச் சொல்ல முடியாததைப் பாடல் சொல்லிவிடுகிறது.

நாட்டார் வழக்கில் இதனினும் துயரமான கதை ஒன்று உண்டு. 'மன்சாய் புய்து' என்பது அதன் பெயர். 'அச்சமூட்டும் குடம்' என்று அதற்குப் பொருள் கூறுவர். ஒரு பாதிரியார் தடைசெய்யப்பட்ட காதலில் வீழ்கிறார். அவர் தொலைவில் இருக்கும்போது காதலி இறந்துவிடுகிறாள். திரும்பிவந்த அவர் கல்லறையைத் தோண்டி, அவளுடைய கால் எலும்பால் ஒரு குழல் செய்து, அதனை மட்குடத்திற்குள் வைத்து ஊதினார் என்பது கதை. குடத்தின் உட்புறத்தில் எதிரொலித்த அவ்வோசை கேட்டோரை நடுங்கச் செய்ததாம். பெருவின் புகழ்பெற்ற எழுத்தாளர் ரிக்கார்தோ பால்மா இக்கதையைத் தம் மரபுக்கதைத் தொகுப்பில் எழுதியுள்ளார். இதனை நாம் வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் 'கேனா' எனப்படும் ஆந்திஸ் குழல் நாணலால் மட்டுமன்றி எலும்பாலும் செய்யப்பட்டதுண்டு என்பது உண்மை. பாடல் எவ்வளவு ஆழத்திலிருந்து வருகிறது என்று மக்கள் எண்ணினர் என்பதை இக்கதை நமக்கு உணர்த்துகிறது.

மரியானோ மெல்கார்

யரவிக்கு எழுத்திலக்கியத்தில் நிலையான இடம் தேடித்தந்தவர் மரியானோ மெல்கார். 1790ஆம் ஆண்டு பெருவின் தென்பகுதியிலுள்ள அரேக்கிப்பா நகரில் பிறந்தார். அந்நகரின் சமயக் கல்லூரியில் பயின்று அங்கேயே ஆசிரியராகவும் பணியாற்றினார். இலத்தீன் இலக்கியத்தில் ஆழ்ந்த புலமை பெற்றவர். காதல் நோயிலிருந்து விடுபடும் வழிகளைக் கூறும் உரோமானியக் கவிஞர் ஓவிட்டின் நூலை அவர் ஸ்பானியத்தில் மொழிபெயர்த்தார். ஆனால், அவரால் தம் காதலை மறக்க இயலவில்லை. 'சில்வியா' என்னும் புனைபெயரால் அவர் பாடிய பெண்ணோடு சேரும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. அந்த ஏக்கத்தை அவர் தம் ஊர் மக்கள் பாடிய யரவி வடிவத்திலேயே எழுதினார்.

இங்கே ஒரு செய்தியை எண்ணிப் பார்க்க வேண்டும். இலத்தீன் கற்ற ஒரு புலவர், ஐரோப்பியச் செய்யுள் வடிவங்களை நன்கறிந்தவர், தம் நெஞ்சின் மிக நெருங்கிய உணர்வுக்கு மலைமக்களின் பாட்டு வடிவத்தைத் தேர்ந்தெடுத்தார். மொழி ஸ்பானியம்தான். ஆனால் குறுகிய அடிகளும், இடையே முறிந்து நிற்கும் சிற்றடியும், புறாவை விளிக்கும் முறையும், திரும்பத் திரும்ப வரும் முறையீடும் ஹராவியை நினைவூட்டுவன.

1814ஆம் ஆண்டு ஸ்பானிய ஆட்சிக்கு எதிராகக் கூஸ்கோவில் கிளர்ச்சி வெடித்தது. முதிய கெச்சுவாத் தலைவர் பூமாகாவா அதன் படைத்தலைவர்களுள் ஒருவர். அவருடைய படை அரேக்கிப்பாவுக்கு வந்தபோது மெல்கார் அதில் சேர்ந்தார். 1815ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் உமாச்சிரி என்னுமிடத்தில் நடந்த போரில் கிளர்ச்சிப்படை தோற்றது. சிறைப்பட்ட மெல்கார் மறுநாள் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 24. பெரு விடுதலை பெற்றதாக அறிவிக்கப்பட்டது அதற்கு ஆறு ஆண்டுகளுக்குப் பின்னர், 1821இல்.

அவருடைய கவிதைகள் நூலாகத் தொகுக்கப்பெற்று வெளிவந்தது 1878ஆம் ஆண்டில்தான். அதற்குள் அரைநூற்றாண்டுக்கு மேல் அவருடைய யரவிகள் மக்களின் வாய்வழியே வாழ்ந்தன. பாடியவர்கள் சொற்களை மாற்றினர். புதிய அடிகளைச் சேர்த்தனர். வேறு எவரோ பாடியவற்றையும் மெல்காரின் பெயரில் வழங்கினர். எது அவருடையது, எது மக்களுடையது என்று பிரிப்பது பதிப்பாசிரியர்களுக்குப் பெருஞ்சிக்கலாயிற்று. ஒரு கவிஞர் மக்களிடமிருந்து ஒரு வடிவத்தைக் கடன் பெற்றார். மக்கள் அதனை வட்டியோடு திரும்பப் பெற்றுக்கொண்டனர்.

பாடும் முறை

யரவி மெதுவான நடையுடையது. மூன்று எண்ணிக்கையில் அமைந்த தாளத்தில் ஒலித்தாலும், பாடுபவர் அத்தாளத்தை இறுகப் பற்றுவதில்லை. சொல்லின் உருக்கத்திற்கேற்ப நீட்டியும் நிறுத்தியும் பாடுவார். பழைய மெட்டுகள் ஐந்து சுரங்களால் ஆனவை. பிரெஞ்சு ஆய்வாளர்களான ரவுல் தார்கூர், மார்கரித் தார்கூர் இணையர் 1925இல் பாரிசில் வெளியிட்ட ஆந்திஸ் இசை பற்றிய பெருநூலில் இவ்வைந்து சுர அமைப்பை விரிவாக ஆராய்ந்துள்ளனர். அவற்றுள் பெருவழக்காகிய ஒரு சுரவரிசை, கருநாடக இசையின் சுத்த தன்யாசி இராகத்தின் சுரங்களோடு ஒத்திருப்பதால், இசை பயிலும் நம் மாணவர்கள் அதனைத் தம் குரலிலேயே பாடிப் பார்க்கலாம். ஆனால் கமகங்களும் சுரங்களை இணைக்கும் முறையும் வேறு என்பதை மறக்கலாகாது.

கித்தார் சேர்ந்த பிறகு மேற்கத்தியச் சுர அடுக்குகளும் வந்து கலந்தன. அரேக்கிப்பாவில் இரண்டு குரல்கள் இணைந்து, ஒன்றன்மேல் ஒன்றாகச் சீரான இடைவெளியில் யரவியைப் பாடுவது வழக்கம். அந்நகரின் மரபுவழி உணவகங்களான 'பிக்காந்தேரியா'க்களில் அவ்விசை நெடுங்காலம் ஒலித்துவந்தது.

யரவி முடிந்தவுடன் பெரும்பாலும் பாடல் முடிவதில்லை. 'ஃபூகா' எனப்படும் விரைந்த பகுதி ஒன்று தொடரும். அது 'வைனோ' என்னும் ஆந்திஸ் நடனத்தின் தாளத்தில் அமையும். கண் கலங்கக் கேட்டிருந்தவர்கள் எழுந்து காலால் தாளமிடத் தொடங்குவர். பெருவின் வடகடற்கரையில் 'திரிஸ்தே' என்று வழங்கும் உறவுப்பாடலிலும் இதே முறை உண்டு. அங்கே துயரப் பாட்டின் முடிவில் 'தொந்தேரோ' என்னும் ஆடல் வரும். இந்த அமைப்பை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். நம் நான்காவது வினாவுக்கு விடை காண இது உதவும்.

தோல்வியின் புலம்பலா?

பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் பலர் யரவியைத் தோற்ற இனத்தின் அழுகை என்று வருணித்துள்ளனர். நாட்டை இழந்தவர்கள் வேறு எதனைப் பாடுவர் என்பது அவர்களுடைய எண்ணம். இரக்கத்தோடு சொல்லப்பட்டாலும் இக்கூற்றில் ஒரு தீங்கு உண்டு. காதலியைப் பிரிந்த ஓர் ஆடவனின் அல்லது கணவனைப் பிரிந்த ஒரு பெண்ணின் குரலை அது கேட்பதில்லை. அவர்களை ஓர் இனத்தின் அடையாளமாக மட்டுமே அது காண்கிறது. பிற நாட்டார் காதலால் வருந்தினால் அது காதல். மலைமக்கள் காதலால் வருந்தினால் அது இனத்தின் இயல்பு. இவ்வேறுபாட்டை நாம் ஏற்க இயலுமா?

சான்றுகளும் இக்கூற்றுக்கு இடம் தருவதில்லை. முதலாவதாக, ஒல்கினின் அகராதி ஹராவியைத் தொலைவிலுள்ள அன்பரை நினைக்கும் பாட்டு என்றே கூறுகிறது. இரண்டாவதாக, கார்சிலாசோ கூறும் குழல் மெட்டுகள் துயரத்தை மட்டுமன்றி மகிழ்ச்சியையும் அறிவித்தன. மூன்றாவதாக, யரவியைத் தொடர்ந்து வரும் ஃபூகா, இம்மரபில் துயரமும் களிப்பும் ஒரே நிகழ்வின் இரு பகுதிகள் என்பதைக் காட்டுகிறது. முதற்பகுதியை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போனவர்களே அம்மக்களை அழுகையின் மக்கள் என்று எழுதினர் போலும்.

பெருவின் சிந்தனையாளர்களும் இவ்விவாதத்தில் ஈடுபட்டனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரிவா அகுவேரோ என்னும் அறிஞர் மெல்காரை இலக்கிய வரலாற்றில் வியப்புக்குரிய ஒரு சிறு நிகழ்வாகவே மதிப்பிட்டார். 1928இல் ஹொசே கார்லோஸ் மரியாத்தெகி தம் கட்டுரை நூலில் அம்மதிப்பீட்டை மறுத்தார். பெரு இலக்கியம் உண்மையிலேயே பெருவுக்குரியதாக ஆன முதல் தருணம் மெல்காரே என்பது அவருடைய வாதம். கெச்சுவா மொழிச் சூழலில் வளர்ந்த எழுத்தாளர் ஹொசே மரியா அர்கேதாஸ் 1938இல் கெச்சுவாப் பாடல்களை ஸ்பானிய மொழிபெயர்ப்போடு நூலாக வெளியிட்டார். அதனோடு மலைமக்களின் கலைப்படைப்பாற்றலைப் பற்றிய கட்டுரை ஒன்றையும் இணைத்தார். இரங்குவதற்குரியவர்கள் என்று கருதப்பட்டோரைப் படைப்பாளர்கள் என்று நிறுவுவதே அவருடைய நோக்கம். 1975இல் பெரு அரசு கெச்சுவாவை ஆட்சிமொழிகளுள் ஒன்றாக அறிவித்தபோது, அம்மொழிக்கு உரிய மதிப்பு சட்டத்திலும் இடம்பெற்றது.

ஏன் நிலைத்தது?

யரவியின் நிலைபேற்றுக்கு மூன்று காரணங்களைக் கூறலாம். முதலாவது, அதன் உணர்வு பொதுவானது. அதன் உருவம் எளியது. புறா, மழை, மலை, வழி ஆகிய சில படிமங்களே அதன் முதல். எவரும் அவற்றைத் தம் வாழ்வோடு பொருத்திக்கொள்ளலாம். பணி தேடி மலையிலிருந்து கடற்கரை நகரங்களுக்கு மக்கள் பெருந்திரளாக இடம்பெயர்ந்த இருபதாம் நூற்றாண்டிலும், பிரிவைப் பாடும் பழைய சொற்கள் புதிய பிரிவுக்கும் பொருந்தின.

இரண்டாவது, அது எவருடைய தனியுடைமையாகவும் சுருங்கவில்லை. அரச குலத்தவர், பாதிரியார், புலவர், உழவர், உணவகப் பாடகர் என அனைவரும் அதனைப் பாடினர். ஒவ்வொருவரும் தமக்கேற்ப மாற்றிக்கொண்டனர். இதற்கு ஒரு விலையும் உண்டு. 'எல் கொண்டோர் பாசா' மெட்டைப் பாரிசில் ஆந்திஸ் இசைக்குழு ஒன்றிடம் கேட்ட அமெரிக்கப் பாடகர் பால் சைமன், அது பெயர் தெரியாத நாட்டார் மெட்டு என நம்பி, புதிய சொற்களுடன் 1970இல் வெளியிட்டார். ரோப்லெசின் மகன் வழக்குத் தொடர்ந்த பின்னரே இசையமைப்பாளரின் உரிமை ஏற்கப்பட்டது. மக்களின் பாடல் என்று போற்றும்போது, அதனைப் படைத்த மனிதர்களின் பெயரை மறந்துவிடக் கூடாது என்பது இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

மூன்றாவது, பழைய வேரும் பட்டுப்போகவில்லை. ஸ்பானிய யரவி நகரங்களில் வளர்ந்த காலத்திலும், பெருவின் தென்மலைச் சிற்றூர்களில் கெச்சுவா ஹராவி தொடர்ந்தது. விதைப்பிலும் திருமணத்திலும் வழியனுப்புதலிலும் பெண்கள் மிக உயர்ந்த குரலில் அதனைப் பாடுவர்.

இருமொழி, மும்மொழிச் சூழலில் கற்பிக்கும் ஆசிரியர்க்கும் கற்கும் மாணவர்க்கும் இங்கே ஒரு செய்தி உண்டு. ஒரு பாடல் மற்றொரு மொழிக்குச் செல்லும்போது எது உடன் செல்கிறது? எது பின்தங்கிவிடுகிறது? புறா ஸ்பானியத்திற்குச் சென்றது. பிரிவும் நினைவும் சென்றன. மெதுவான நடையும் சென்றது. ஆனால் 'உர்பில்யாய்' என்னும் ஒரே சொல்லில் செறிந்திருந்த நெருக்கத்திற்கு ஸ்பானியத்தில் 'சின்னப் புறா' என்னும் பொருளுடைய சொல்லே ஈடாயிற்று. 'என்' என்னும் உரிமையை வேறொரு சொல்லால் தனியே சேர்க்க வேண்டியதாயிற்று. கண்ணீரையும் மழையையும் இணைத்த இணையடியின் அமைப்பும் தளர்ந்தது. உணர்வு மொழி கடந்து வாழும் என்பது உண்மையே. அதன் நுட்பமான பகுதி, அந்த மொழியைப் பேசுவோர் உள்ளவரை மட்டுமே வாழும் என்பதும் அதே அளவு உண்மை.

கூஸ்கோவின் இரவில் குழலோசை கேட்டு நின்ற இருவரை மீண்டும் நினைத்துப் பார்ப்போம். இருவர் காதிலும் ஒரே ஒலிதான் விழுந்தது. ஆனால் அது யாரை அழைக்கிறது, ஏன் அழைக்கிறது என்பதை அறிந்தவள் அப்பெண் மட்டுமே. அந்த அறிவைத் தலைமுறைதோறும் கையளிப்பதே மொழியாசிரியரின் பணி. மாணவர்கள் தம் வீட்டுப் பெரியோரிடம் ஒரு பழம்பாடலைக் கேட்டு எழுதி, அதில் வேறு மொழிக்குக் கொண்டுசெல்ல இயலாத ஒரு சொல்லைக் கண்டுபிடிப்பார்களானால், யரவி பற்றிய இந்த ஆராய்ச்சி தன் பயனைப் பெற்றதாகக் கொள்வோம்.